நாலு நிமிடத்தில் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்: படத்துக்குப் பக்கத்தில் விளக்கம் வைக்கலாமா?

விறாந்தைக்காவல் | ஞாயிறு, இரவு 8.40

எங்கள் காட்சிக்கூடம் எது என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியும், ஆகவே பெயர் வேண்டாம். யாழ்ப்பாணத்துப் பழைய நாற்சார் வீடு ஒன்றின் முன் விறாந்தையும் இரண்டு அறைகளும். சனி, ஞாயிறு காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து வரை வாசல் மேசையில் இருப்பது நான்தான். சம்பளம் பிளேன்ரீயும் வடையும்.

ஆட்கள் வருவதில் குறைவில்லை. இந்த இரண்டு நாளில் 61 பேர் பதிவுப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள். என் கவலை வேறு. செருப்பைக் கழற்றச் சொல்லி நாங்கள் எங்கும் எழுதவில்லை, ஆனாலும் எல்லாரும் படியிலேயே கழற்றிவிடுகிறார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கோயில் வீதி சுற்றுவதுபோல ஒரே பக்கமாக ஒரு சுற்று. மொத்தம் 22 படங்கள். போனில் நேரம் வைத்துப் பார்த்தேன், அநேகமானோருக்கு நாலு நிமிடம். பிறகு மேசையடிக்கு வந்து "நல்லாயிருக்கு தங்கச்சி" என்கிறார்கள். புத்தகத்தில் "மென்மேலும் வளர வாழ்த்துகள்". செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள்.

ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் நாலு வரி விளக்கம் வைத்தால் கொஞ்சம் நின்று பார்ப்பார்களோ என்று ஒரு யோசனை. ஏழு ஓவியர்களிடமும் கேட்டேன். நாலு பேர் வேண்டாம் என்றார்கள், இரண்டு பேர் ஓம், ஒருவர் போனே எடுக்கவில்லை. பார்க்க வருகிறவர்களாக நீங்கள் சொல்லுங்கள்.

கச்சான்காற்று | ஞாயிறு, இரவு 9.05

நாலு நிமிடத்தில் 22 படம் என்றால் ஒரு படத்துக்குக் கிட்டத்தட்ட 11 விநாடி. நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களைக் கவனித்துச் செய்த ஓர் ஆய்வு 2001இல் வெளிவந்தது. அங்கே ஒரு படத்துக்கு முன்னால் சராசரியாக 27 விநாடிதான் நின்றிருக்கிறார்கள். அதுவும் உலகம் அறிந்த படங்களுக்கு முன்னால், குளிரூட்டிய மண்டபத்தில். உங்கள் அறையில் ஒரே ஒரு மின்விசிறி, அதுவும் உங்கள் மேசைப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறது. போன மாதம் வந்து வியர்த்துக்கொண்டு நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்.

விறாந்தைக்காவல் | ஞாயிறு, இரவு 9.11

மின்விசிறிக் குற்றச்சாட்டை ஏற்றுக்கொள்கிறேன்.

சித்திரரீச்சர் | ஞாயிறு, இரவு 9.48

விளக்கம் வேண்டாம். காரணத்தை என் பிழையிலிருந்தே சொல்கிறேன்.

போன வருடம் வேறொரு கண்காட்சிக்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒவ்வொரு படத்துக்குக் கீழும் அரைப் பக்க விளக்கம். வெளிக்கிடும்போதே "கொப்பியும் பேனையும் கொண்டு வாங்கோ, திங்கள் காட்ட வேணும்" என்று சொல்லியிருந்தேன். உள்ளே போனதும் பிள்ளைகள் அத்தனை பேரும் சுவரோரம் குந்திவிட்டார்கள். தலையைக் குனிந்து விளக்கத்தை எழுத்துப் பிசகாமல் கொப்பியில் எழுதுகிறார்கள். ஒருத்தி மட்டும் எழுதாமல் ஒரு படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் போய் "ஏன் பிள்ளை நிக்கிறாய், எழுது" என்றேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அந்த ஒருத்திக்குத்தான் சித்திர பாடம் போயிருக்கிறது. மற்ற எல்லாருக்கும் நான் தமிழ் சொல்வதெழுதல் நடத்தியிருக்கிறேன்.

மருதனார்மடத்தான் | திங்கள், காலை 7.20

ரீச்சரின் பிள்ளைகள் எழுதியது விளக்கத்தின் பிழை இல்லையே, "திங்கள் காட்ட வேணும்" என்றதன் பிழை. (கோபிக்க வேண்டாம், நானும் அப்படித்தான் படித்து வந்தவன்.)

நான் விளக்கத்தின் பக்கம். கலைவரலாறு படித்தவர்களுக்கு வேண்டுமானால் படம் தானே பேசும். சந்தைக்கு வந்த வழியில் எட்டிப் பார்க்கிறவருக்கு ஒரு பிடி வேண்டும். கொழும்பில் நவீன, சமகாலக் கலைக்கான அருங்காட்சியகத்தில் மூன்று மொழியிலும் எழுதி வைக்கிறார்கள். தமிழில் வாசிக்கக் கிடைப்பதே எனக்கு அங்கே பெரிய விஷயமாக இருந்தது. நயினாதீவுக்குப் போகும் வழியில் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வருகிறவர்கள் நூலகத்தைப் பார்த்துவிட்டு உங்கள் பக்கமும் வருகிறார்கள்தானே? அவர்களுக்குச் சிங்களத்தில் ஒரு வரி இருந்தால் என்ன குறைந்துவிடும்?

விறாந்தைக்காவல் | திங்கள், மதியம் 12.35

வருகிறார்கள். போன ஞாயிறு காலியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. தகப்பன் ஒரு படத்தின் தலைப்புக்கு நேரே போனைப் பிடித்து மொழிபெயர்த்துப் பார்த்தார். படலை என்ற தலைப்புக்கு அந்தப் போன் என்ன சொன்னதோ தெரியாது, குடும்பமே சிரித்தது. பிறகு நான் எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் வாசலைக் காட்டி விளங்கப்படுத்தினேன்.

பிரேம்கடைமகன் | திங்கள், இரவு 8.02

எழுதுகிறதோ இல்லையோ, தயவு செய்து ஒட்டாதேயுங்கோ. அது பழைய சுண்ணாம்புச் சுவர். செலோரேப் போட்டுக் கழற்றினால் வெள்ளையும் சேர்ந்து வரும். ஆணி அடித்தால் துளையைச் சுற்றிப் பொருக்கு விழும். அதனால்தான் போன தடவை நான் மேலே மரச்சட்டம் ஒன்று பூட்டி, கம்பியில் படங்களைத் தொங்கவிட்டுத் தந்தேன்.

வந்ததுக்கு இன்னும் இரண்டு விஷயம். படத்தின் பின்பக்கக் கீழ் மூலை இரண்டிலும் ஒவ்வொரு தக்கைத் துண்டு ஒட்டிவிட்டிருக்கிறேன், சுவருக்கும் படத்துக்கும் இடையில் காற்று ஓட. சிலர் கூட்டும்போது அதைப் பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள். வாடைக்காற்றோடு மாரி தொடங்கினால் அந்த வடக்குச் சுவர் குளிர்ந்துபோய் ஈரம் கட்டும். கண்ணாடிக்கு உள்ளே கடதாசியில் பூஞ்சணம் வந்த பிறகு என்னிடம் கொண்டு வந்து பிரயோசனம் இல்லை. மற்றது, நீர்வர்ணப் படங்களுக்கு நேரே போட்டிருக்கிற அந்தப் பெரிய லைற். கடதாசி வேலைக்கு 50 லக்ஸ் வெளிச்சம் போதும் என்பது எல்லா இடத்திலும் உள்ள கணக்கு. எண்ணெய் வர்ணம் என்றால் 200 வரை தாங்கும். உங்கள் வெளிச்சத்தில் கலியாண வீடியோ எடுக்கலாம்.

எங்கள் அப்பாவும் பிரேம் போட்டவர். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு சனம் முழுக்க இடம்பெயர்ந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது கடையில் ஆட்கள் எடுக்காமல் விட்டுப் போன படங்கள் ஒரு அறை நிறைய இருந்தன. சாமிப் படம், கலியாணப் படம், கையால் கீறியதும் சில. திரும்பி வந்தபோது சட்டங்கள் கிடந்தன, உள்ளே கறையான் புற்று. அதனால் தக்கை விஷயத்தில் நான் கொஞ்சம் கத்துவேன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

ஸ்காபரோசிவா | செவ்வாய், காலை 5.15

விளக்கத்தை விடுங்கோ, விலையைப் போடுங்கோ.

போன ஓகஸ்ட் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்திருந்தேன். பனங்கூடல் படம் ஒன்று பிடித்துக்கொண்டது. விலை எங்கும் இல்லை. அங்கே நின்ற தம்பியிடம் கேட்டேன். "அண்ணை, நீங்கள் பாத்துத் தாங்கோ" என்றார். அவ்வளவுதான், எனக்குக் கை கால் ஓடவில்லை. குறைத்துக் கொடுத்தால் கலைஞரை அவமதித்தது ஆகும். கூட்டிக் கொடுத்தால் "கனடாக் காசு காட்டுறார்" என்று ஆகும். மனிசி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டா. படம் இப்பவும் போனில் இருக்கிறது, சுவரில் இல்லை.

நீலம்37 | செவ்வாய், இரவு 10.30

அந்தத் தம்பி நான்தான் அண்ணை. பனங்கூடல் பிறகு என் ஒன்றுவிட்ட அண்ணனின் கலியாணப் பரிசாகப் போய்விட்டது. விலை கேட்டவர்கள் இரண்டு பேர், எடுத்துக்கொண்டு போனவர் ஒரு சதமும் தராதவர்.

விலை எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. எழுதினால் முதலில் வருவது சொந்தக்காரர். "இதுக்கு இவ்வளவோ? பெயின்ற் என்ன விலை, ஒரு ஐந்து ரியூப் முடிஞ்சிருக்குமோ?" என்று கணக்குப் பார்ப்பார்கள். 2022 நெருக்கடியில் வர்ணம் கிடைக்கவே இல்லை. அப்போது ஒரு ரியூப்பைப் பிளேட்டால் கீறி உள்ளே ஒட்டியிருந்ததையும் வழித்து எடுத்தவன் நான். அந்தக் கணக்கை யாரும் கேட்பதில்லை.

விளக்கத்துக்கு நான் வேண்டாம் என்ற நாலு பேரில் ஒருவன். சிவப்பில் ஒரு படம் வைத்திருக்கிறேன், பார்த்திருப்பீர்கள். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் "யுத்தமோ?" என்று கேட்டார்கள். எனக்கு அது அம்மாவின் கூறைச்சேலை, பெட்டியில் மடித்தபடி. அதை எழுதி வைத்தால் யுத்தம் என்று பார்த்தவருடைய படம் செத்துவிடும். எழுதாமல் விட்டால் என் அம்மாவின் சேலை காணாமல் போகும். இரண்டாவதை நான் பொறுத்துக்கொள்வேன்.

மருதனார்மடத்தான் | செவ்வாய், இரவு 10.52

"இரண்டாவதை நான் பொறுத்துக்கொள்வேன்" என்பது நல்ல வசனம். ஆனால் கூறைச்சேலை என்று இப்போது வாசித்த பிறகு எனக்கு அந்தப் படத்தை மறுபடி பார்க்க வர வேண்டும்போல் இருக்கிறது. எழுதாமலிருந்தால் வந்திருக்க மாட்டேன். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

நீலம்37 | செவ்வாய், இரவு 10.55

வாங்கோ. சனி மத்தியானத்துக்குப் பிறகு நிற்பேன்.

பண்ணைப்பாலம் | புதன், காலை 9.40

எனக்கு ஒரு அடிப்படைக் கேள்வி. பொது நூலகத்துக்குப் பக்கத்தில் இந்தியா கட்டித் தந்த அவ்வளவு பெரிய கலாசார மையம் 2023இல் கையளிக்கப்பட்டாயிற்று. பிறகும் ஏன் இந்தப் புழுக்கமான அறை? 2025இல் அதன் பெயரை மாற்றியபோது...

விறாந்தைக்காவல் | புதன், காலை 9.58

பெயர்ச் சண்டைக்குத் தனி இழை 14 பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது, அங்கே போங்கள். கேள்விக்குப் பதில்: பெரிய மண்டபத்துக்கு ஆட்கள் உடுத்திக்கொண்டு போவார்கள். எங்கள் இடத்துக்கு மீன் பையோடு வருகிறார்கள். போன சனி ஒருவர் பையை என் மேசைக்குக் கீழே வைத்துவிட்டுப் படம் பார்த்தார். பூனை வந்துவிட்டது. அது வேறு கதை.

விறாந்தைக்காவல் | சனி, மாலை 6.25

இன்றைக்கு நடந்ததை எழுதாவிட்டால் நித்திரை வராது.

பதினொரு மணியளவில் ஒரு அம்மா பேரனோடு ஓட்டோவில் வந்து இறங்கினா. எண்பதுக்கு மேல் இருக்கும். பேரன் பக்கத்துக் கடைக்குப் போக வேண்டியிருந்ததால், அம்மம்மாவை நிழலில் விட்டுப் போகத்தான் எங்கள் விறாந்தைக்குக் கூட்டி வந்தான். படம் பார்க்க வரவில்லை. கச்சான்காற்று சொன்னதிலிருந்து மின்விசிறியை அறைப் பக்கம் திருப்பி, வீட்டுக்காரரின் பழைய வாங்கு ஒன்றையும் அறை நடுவில் போட்டிருந்தேன். காற்று அங்கேதான் வந்தது, அங்கே இருத்தினேன்.

வாங்குக்கு நேரே நீலம்37இன் கிணற்றடிப் படம். கிணறு, துலா, வாழை, பின்னால் மங்கலாக ஒரு வீடு.

கால் மணித்தியாலம் அந்த அம்மா அசையவில்லை. நித்திரையோ என்று எட்டிப் பார்த்தேன், கண் திறந்திருந்தது. பிறகு என்னைக் கூப்பிட்டா.

"பிள்ளை, உதை ஆர் கீறினது?"

"ஒரு தம்பி, அம்மா. பின்னேரம் வருவார்."

"அவருக்குச் சொல்லு. உந்தத் துலாவில தண்ணி அள்ள ஏலாது."

எனக்கு விளங்கவில்லை. எழும்பி வந்து படத்துக்கு ஒரு சாண் தூரத்தில் விரலை வைத்துக் காட்டினா. தொடவில்லை. துலா என்பது ஒரு முழு மரம். மொத்தமான அடிப்பக்கம் பின்னுக்கு நிற்க வேண்டும், மெல்லிய நுனிப்பக்கம் கிணற்றுக்கு மேலே. நுனியில் துலாக்கொடி, கொடியில் தண்ணி அள்ளுகிற பட்டை. பின்பக்கப் பாரம்தான் நிறைந்த பட்டையைத் தூக்கித் தரும். படத்தில் மாறி இருக்கிறது, அடிமரம் கிணற்றுக்கு மேலே நிற்கிறது. "உப்பிடிக் கட்டினால் பட்டை கிணத்துக்குள்ளயே கிடக்கும்" என்றா. துலா மிதித்தது ஐயாவும் தமையனும், பட்டை பிடித்து வாய்க்காலுக்குத் தண்ணி கவிழ்த்தது தான் என்றும் சொன்னா. வயாவிளான் பக்கம். 1990இல் இடம்பெயர்ந்து வெளிக்கிட்டவர்கள். துலாவைத் தாங்குகிற ஆடுகால் பூவரசில் நின்றதாம், அது பட்டுப் போகாமல் தழைத்து ஒவ்வொரு வருடமும் வெட்ட வேண்டியிருந்ததாம்.

"புத்தகத்தில எழுதிவிடுங்கோ அம்மா" என்று பேனையைக் கொடுத்தேன். எழுதவில்லை. கீறினா. நடுங்குகிற கை, நீல போல்பேனை. முதலில் ஒரு வட்டம், பிறகு ஆடுகால், பிறகு ஒரே இழுவையில் துலா: பின்னால் இரட்டைக்கோடாகத் தொடங்கி நுனியில் ஒற்றைக்கோடாக முடிகிறது. மேலேயும் கீழேயும் "வாழ்த்துகள்", "நன்று", "அருமை". நடுவில் இது.

நீலம்37 | சனி, இரவு 7.10

மத்தியானம் வந்து பார்த்தேன். உண்மையைச் சொன்னால் முதலில் கோபம்தான் வந்தது. அது வரைபடம் இல்லை, ஓவியம். துலா எப்படி வேண்டுமானாலும் நிற்கலாம் என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

சைக்கிளில் வரும்போதே தெரிந்துவிட்டது. நான் வேண்டுமென்று மாற்றிக் கீறவில்லை. துலாவில் தண்ணி அள்ளியதை நான் பார்த்ததே இல்லை. எங்கள் வீட்டில் மோட்டர். பழைய புகைப்படம் ஒன்றைப் பார்த்துக் கீறினேன், அதில் நுனி வெட்டுப்பட்டுப் போயிருந்தது, மிச்சத்தை நானே போட்டுக்கொண்டேன். அழகாக இருக்கும் என்று பாரத்தை முன்னுக்கு வைத்தேன்.

கச்சான்காற்று | சனி, இரவு 7.31

திருத்தப் போகிறீரா?

நீலம்37 | சனி, இரவு 7.40

இல்லை. பிழை என்னுடையது, அப்படியே இருக்கட்டும். ஆனால் அந்தப் பக்கத்தை என் படத்துக்குப் பக்கத்தில் வைக்க விருப்பம். விளக்கம் வேண்டாம் என்று இந்த இழையில் நானே எழுதியிருக்கிறேன், நினைவிருக்கிறது. சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம்.

மருதனார்மடத்தான் | சனி, இரவு 8.05

சிரிக்கவில்லை. ஓவியர் சனாதனன் 2011இல் வெளியிட்ட நூலில் இதுதானே நடந்தது? இடம்பெயர்ந்தவர்கள் விட்டு வந்த வீடுகளின் நிலப்படத்தை நினைவிலிருந்து கீறிக் கொடுத்தார்கள். காணிப் பதிவேடான தோம்பின் பெயரையே அதற்கு வைத்தார். அதற்கு முன் 2004இல் புதுப்பித்த பொது நூலகத்தில் நம் வீடுகளிலிருந்து சேர்த்த பாவனைப் பொருட்களைக் காட்சிக்கு வைத்தவரும் அவர்தான். வீட்டுப் பொருளுக்கு முன்னால் நம் ஆட்கள் நாலு நிமிடத்தில் போக மாட்டார்கள்.

ஆனால் ஒன்று. அங்கே கீறியவர்களிடம் கேட்டு, இருந்து கதைத்துச் செய்த வேலை. உங்களிடம் இருப்பது ஒரு பதிவுப் புத்தகத்தின் பக்கம். அந்த அம்மா சுவரில் தொங்குவதற்கென்று கீறவில்லை.

சித்திரரீச்சர் | சனி, இரவு 8.20

கேட்காமல் வைக்கக் கூடாது. பக்கத்தைக் கிழிக்கவும் கூடாது. அதே தாளின் மறுபக்கத்தில் வேறு யாரோ எழுதியிருப்பார்கள்.

விறாந்தைக்காவல் | சனி, இரவு 8.24

மறுபக்கத்தில் எட்டுப் பேர். ஒருவர் தன் தொலைபேசி இலக்கத்தோடு மணமகள் தேவை என்றும் எழுதியிருக்கிறார்.

பிரேம்கடைமகன் | சனி, இரவு 9.00

கேட்டு, ஓம் என்றால் பிரேம் என் செலவு. போல்பேனை மை வெளிச்சத்தில் வெளிறும், அதை முதலே சொல்லிவிடுகிறேன். அந்தப் பெரிய லைற்றைக் கழற்றாமல் நான் தர மாட்டேன்.

ஸ்காபரோசிவா | ஞாயிறு, காலை 4.50

வயாவிளான் என்று வாசித்ததும் என்னுடைய அம்மாவுக்குப் போன் எடுத்து வாசித்துக் காட்டினேன். அவ கேட்டது ஒன்றுதான்: "ஆடுகால் பூவரசோ? எங்கட வீட்டில கிளுவை." பிறகு அரை மணித்தியாலம் வைக்க விடவில்லை.

தம்பி, கிணற்றடிப் படத்தின் விலையைச் சொல்லும். பார்த்துத் தரச் சொல்ல வேண்டாம்.

நீலம்37 | ஞாயிறு, காலை 8.15

அண்ணை, விலையைத் தனிமடலில் அனுப்புகிறேன். கண்காட்சி முடியும் வரை தர முடியாது. துலா பிழை என்று தெரிந்துதான் வாங்குகிறீர்கள் என்று அம்மாவிடமும் சொல்லிவிடுங்கோ.

விறாந்தைக்காவல் | ஞாயிறு, மாலை 5.50

பேரன் ஓட்டோக்காரரின் இலக்கம் தந்திருந்தான், அவர் மூலம் பிடித்துக் கேட்டேன். அம்மா சொன்னது: "அது பேனையால சும்மா இழுத்தது. பென்சிலும் ஒழுங்கான தாளும் தந்தால் கிணத்தடி முழுக்கக் கீறித் தாறன். துவைக்கிற கல்லையும் உங்கட பெடியன் விட்டிட்டான்."

அடுத்த சனி பத்தரைக்கு வருகிறா. வாங்கு உயரம் குறைவு, எழும்பக் கஷ்டப்பட்டவ. யாரிடமாவது கைபிடி வைத்த கதிரை இருந்தால் வெள்ளிக்குள் கொண்டு வந்து தாருங்கள். தாள் நீலம்37இன் பொறுப்பு. விளக்கம் வைப்பது பற்றி ஓவியர்கள் செவ்வாய் கூடிக் கதைப்பதாக இருந்தது. ஐந்து பேர் அதைச் சனிக்கு மாற்றச் சொல்லியிருக்கிறார்கள், பத்தரைக்கு.

பிரேம்கடைமகன் | ஞாயிறு, மாலை 6.12

கதிரை என்னிடம் இருக்கு. வரும்போது தக்கையும் கொண்டு வருவேன்.